நாற்பத்தொராவது ஆள்

அக்கராயன் சங்கக் களஞ்சியத்தில்
பதிவுப் புத்தகத்தின் ஒரு பக்கத்துக்கு நாற்பது கோடு.
அதனால் நானும் நாற்பது என்று எழுதினேன்:
நிறைக்கு நாற்பது இடம்,
அதை ஒட்டிக் கடனுக்கு நாற்பது இடம்.
சி மொழியில் அது இரண்டு வரி வேலை.
பழைய கணினி, இரவல் பிறின்ரர்.
மனேஜர் கேதாரநாதன் குத்துவிளக்கு ஏற்றவில்லை,
மற்றபடி திறப்பு விழா மாதிரித்தான் இருந்தது.

களத்தில் முதல் அளவையை ஒன்று என்பதில்லை,
லாபம் என்பார்கள்.
இயந்திரம் அதைப் பூச்சியம் என்கிறது.
ஆகவே தெய்வானைப்பிள்ளை பூச்சியத்தில்,
நாற்பதாவது ஆள் முப்பத்தொன்பதில்.
இதற்குள் எல்லாரும் அடங்கினார்கள்,
இரண்டு போகம்.

மூன்றாவது போகத்துக்கு முன்
வேலிக்கு அப்பால் கொஞ்சக் காணி விட்டார்கள்.
அதில் விதைத்தவர்கள் லான்ட்மாஸ்டரில் வந்து இறங்கினார்கள்.
நாற்பத்தொராவது, அந்தோனிமுத்து பெனடிக்ற்,
அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோ.
நிரல் பிழை என்று கத்தவில்லை.
நிற்கவுமில்லை.
அடுத்த வளவுக்குள் நடந்துபோய்
முதல் வாசலில் அவருடைய நெல்லை இறக்கிவிட்டு
ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வந்தது.

கண்டுபிடித்தது நான் இல்லை.
தெய்வானைப்பிள்ளை துண்டோடு வந்து நின்றார்:
"பிள்ளை, பதினெட்டாயிரத்து நானூறு எடுத்தனான்.
இதில அறுநூற்றுப் பன்னிரண்டு எண்டு கிடக்கு.
கடன் இப்பிடிக் குறையாது."

அன்றிரவு களஞ்சியத்திலேயே இருந்தேன்.
பத்தாயிரம் என்று போட்டுவிடு, பிரச்சினை தீர்ந்தது
என்றான் கீர்த்திபன்.
யன்னலுக்கு வெளியே இன்னும் விடாத காணி:
எண்ணூறு ஏக்கர், முட்கம்பி, காவலுக்கு நாலு பேர்,
உள்ளே முழுக்க நாயுருவி.
நான் பதில் சொல்லவில்லை.

மாதம் பன்னிரண்டு.
அதற்கு யாரையும் கேட்கத் தேவையில்லை.
ஒரு துண்டு அச்சடிக்கிற நேரம் மட்டும்
உயிரோடிருக்கிற கூட்டுத்தொகை
மூட்டை அடுக்கின் மேலே கிடக்கட்டும்;
வேலை முடிய அதுவாக இறங்கும்.
ஆனால் எத்தனை பேர் வருவார்கள் என்று
எழுதுகிறபோது தெரியாவிட்டால்,
வந்தவர்கள் அந்தச் சின்ன வேலை முடிந்த பிறகும்
இருக்கவேண்டும் என்றால்,
குவியலிடம் போய்க் கேட்கத்தான் வேண்டும்.
மலொக்:
இத்தனை பேர், ஒருவருக்கு இத்தனை பைட்.
கேட்ட உடனே கால் வைக்கக் கூடாது.
இல்லை என்றும் பதில் வரலாம்;
அந்தப் பதிலைப் படிக்க
கச்சேரி வரிசைகளில் பழகியிருக்கிறோம்.

ரீஅலொக்கில் இன்னும் கவனம்.
இருந்த இடத்தில் நீட்ட முடியாவிட்டால்
எல்லாரையும் சட்டி பானையோடு வேறிடத்தில் கொண்டுபோய் வைக்கும்.
பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கிற சுட்டி
ஆளில்லா வளவுக்குக் கடிதம் போடும்.
எங்கள் வீட்டில் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை:
ஒன்பது மாதத்தில் பதினொரு முகவரி.

எடுத்ததை விடவேண்டும்.
ஒரே தரம்.
விட்டபின் உள்ளே எட்டிப் பார்க்கவும் கூடாது.
கடைசியில் ஃப்ரீ என்று அடித்தேன்.
அதை எழுத ஒரு நொடிகூட ஆகவில்லை.

விடிய அறுபத்துமூன்று பேர்.
தெய்வானைப்பிள்ளை தன் பதினெட்டாயிரத்து நானூறைத்
திரும்ப வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.
இரண்டாம் லோட்டோடு வந்த பெனடிக்ற்
மேசையில் கை ஊன்றிக் கேட்டார்:
"எனக்கு இடம் காணுமோ, பிள்ளை?"
"காணும். கேட்டு எடுத்தது."
அவருடைய மூட்டைக்குள் மானியைக் குத்தினேன்.
ஈரம் பதினாறு.
இன்னும் ஒரு வெயில் காயவேண்டும்.